எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதே

சதீஷ்,

கிணற்றங்கரையில் நீ தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போன பெட்ரோல் எஞ்சின் அங்கேயேதான் இருக்கிறது. நனையவில்லை. ஆனால் அதன் ஸ்பார்க் பிளக் என்னிடம் இருக்கிறது. ஏழுமலை மாமாவை வைத்துக் கழற்றி, துணியில் சுற்றி, நான் வேலை செய்யும் கம்பெனி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு வந்து அதைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருக்கிற திட்டு மேல் இறக்கி ஓட்டப்போவதாகச் சொன்னாயே, அது நடக்காது. ஏன் என்று போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ, "சரிம்மா சரிம்மா, வேலையில லைன்ல கீறேன், அப்பறம் பேசறேன்" என்பாய். நேரில் சொன்னால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். பதினெட்டு வருஷமாகப் பாதியில் நிறுத்திக்கொண்டு வருகிறவள்தான் நான். அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபோடு சேர்த்து மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு மறைத்து வைக்காதே. உன் ரூமில் இருக்கிற பையன்களுக்கும் காட்டு. விருதுநகர், தூத்துக்குடி என்று அவர்கள் ஊரிலும் கிணறு இருக்கிறது, இந்த மாதிரி எஞ்சினும் இருக்கிறது.

நமக்கு இந்தப் பத்து சென்ட் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். நம்முடைய பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்குப் பதிலாக ஏரிக்கரைக்குப் பின்னால் எட்டுக் குடும்பத்துக்கு மனை ஒதுக்கினார்கள். மனை என்று ஒரு காகிதம் சொல்கிறது. ஏரிப் புறம்போக்கு என்று இன்னொரு காகிதம் சொல்கிறது. இரண்டு காகிதமும் ஒரே ஆபீஸில் ஒரே பீரோவில்தான் இருக்கின்றன. அந்தக் காரணத்தைச் சொல்லியே இன்றுவரை கரண்ட் கொடுக்கவில்லை. கம்பெனிக்குப் போகிற பெரிய லைன் நம் கூரைக்கு மேலேதான் போகிறது. மழைக்காலத்தில் அது உர்ரென்று இரைவது வீட்டுக்குள் கேட்கும். வெளிச்சம் மட்டும் வராது. எட்டுக் குடும்பத்தில் ஆறு குடும்பம் வாடகை ரூமுக்குப் போய்விட்டது. நாமும் மாமா குடும்பமும்தான் மிச்சம். நாம் இருந்ததற்குக் கிணறுதான் காரணம். உன் அப்பா, நான், மாமா மூன்று பேரும் இரண்டு கோடையில் கையால் வெட்டிய கிணறு அது. பத்தடி அகலம். இருபத்திரண்டு அடியில் சுக்கான் பாறை வந்தது. முழுக்க உடைக்கத் தெம்பில்லாமல் ஒரு பாதியை அப்படியே விட்டு மறுபாதியை மட்டும் கீழே இறக்கினோம். விட்ட பாதிதான் அந்தத் திட்டு. எஞ்சின் வைப்பதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது என்று போன வாரம் நீ சொன்னாய். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

நீ எதற்காக எஞ்சின் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். என் வலது தோள் மேலே தூக்க வரவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் எட்டடியில் நிற்கும்போது முப்பது வாளி இழுப்பது ஒரு வேலையே இல்லை. சித்திரையில் முப்பதடிக்குப் போய்விடும். அப்போது கயிறே நனைந்து ஒரு வாளி கனம் கனக்கும். ராட்டினத்தின் அச்சு தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கயிறு விலகிக்கொள்ளும். கீரைப் பாத்திக்கும் வெண்டைக்கும் ஊற்றி முடித்துவிட்டு ஏழு மணி கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். ரேவதி முதல் தடவை வந்தபோது கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, தெனமும் கையாலேயா தண்ணி கோருதீங்க?" என்று கேட்டாள். "பின்ன, காலாலயா இழுப்பாங்க?" என்றேன். சிரித்தாள். பிறகு வாளியை வாங்கி ஆறு முறை இழுத்தாள், உன்னைப் பார்த்து, "நீங்க என்ன, வேடிக்கை பாக்கவா வந்தீங்க?" என்றாள். உனக்கு வாய்த்தவள் நல்ல பெண். அன்றைக்குத்தான் நீ எஞ்சின் வாங்க முடிவு செய்தாய் என்று நினைக்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே வைத்து ஓட்டினால் இருபது அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சாது, அதனால் கீழே இறக்க வேண்டும் என்று நீ போட்ட கணக்கும் சரிதான். அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது.

இப்போது உன் அப்பாவைப் பற்றி. குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்து செத்தவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் குடிக்கவே மாட்டார் என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய். குடிப்பார். சம்பளம் வாங்கிய நாளில் குடிப்பார், மறுநாள் வெட்கப்படுவார். அன்று குடிக்கவில்லை. அன்று காலை பத்து மணி. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். கிணறு சேறாகிவிட்டது, இரண்டடி ஆழப்படுத்த வேண்டும், அதற்கு இருக்கிற தண்ணீரை முழுக்க இறைக்க வேண்டும் என்று மாமா பென்னலூரில் தெரிந்தவரிடமிருந்து ஒரு டீசல் எஞ்சின் கொண்டுவந்தார். மூன்று பேரும் கயிறு கட்டித் திட்டில் இறக்கினோம். உன் அப்பா இறங்கிக் கிளப்பிவிட்டு மேலே வந்துவிட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. கிணற்று வாயில் புகை மெல்ல எழுந்து வந்தது. டீசல் எஞ்சின் என்றால் புகையாமல் இருக்குமா என்று நாங்கள் பேசிக்கொண்டுகூட இல்லை. வெண்டைப் பாத்தி ஓரம் பைப் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா, "தண்ணி நின்னுடிச்சி, வெறும் காத்து வருது, எஞ்சின அணை" என்று கத்தினார்.

உன் அப்பா கண்மூடித்தனமாக இறங்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தூர் வாருகிறவர்கள் செய்வதைப் பார்த்து வைத்திருந்தார். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டித் திட்டு வரைக்கும் விட்டார். விளக்கு அணைந்தால் கீழே காற்று இல்லை, இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். எங்களுக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். விளக்கு அணையவில்லை, ஆடக்கூட இல்லை. "நல்லா எரியுது மே, காத்து கீது" என்றார். சொல்லிவிட்டும் கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அவசரத்தில் இருந்தேன். அடுப்பில் உலை, எஞ்சின் சும்மா ஓடுகிறது, வெயில் ஏறுகிறது. "எரியுதுன்னா போயேன்யா, இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றேன். போனார். சுவரில் வெட்டி வைத்திருந்த கால்குழிகளில் கால் வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். திட்டில் நின்றார். குனிந்து எஞ்சினை அணைத்தார். சத்தம் நின்றது. அப்புறம் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்தார், வேலை முடிந்து ஆறுகிறவர் மாதிரி. "இன்னாயா, அங்கியே குந்திக்கின?" என்று கேட்டேன். மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து கீழே சேற்றில் விழுந்தார். முழங்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. மாமா ஓடிவந்து இறங்கினார். பாதி இறங்கியதும் தலையை உதறினார், திரும்பி ஏறினார், மேலே வந்து வாந்தி எடுத்தார். "க்கா, தல கிர்ருனு சுத்துது க்கா, கை நிக்கல" என்று மண்ணில் படுத்துவிட்டார். அன்று அவர் திரும்பி ஏறினாரே என்று சில வருஷம் அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஏறாமல் போயிருந்தால் அந்த வீட்டிலும் ஒரு பிணம் விழுந்திருக்கும்.

அரை மணி கழித்து, கெட்ட காற்று கலையட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கி மாமாதான் எடுத்துவந்தார். அதற்குள் நம் மனைகளை வாங்கிக் கொடுத்த அந்த ஊர்த் தலைவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. பெயர் எதற்கு, உனக்குத் தெரியும். அவருடைய டேங்கர் லாரிகள் அப்போதே கம்பெனிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன, இப்போதும் அடிக்கின்றன. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதோ பாரும்மா, எஞ்சின் வெச்சி எறச்சீங்கன்னு வெளிய போச்சுனா, போலீசு வரும், புறம்போக்குல கிணறு வெட்டினதே தப்புன்னு மூடிடுவானுங்க. மனையும் பூடும். ஆளுதான் பூட்டான், புள்ளைக்கு ஒரு எடம் வேணாமா? குடிச்சிட்டுத் தவறி வுழுந்துட்டான்னு சொல்லிடு. குடிகாரன் செத்தா எவனும் ஏன்னு கேக்க மாட்டான்" என்றார். கடைசியாகச் சொன்னாரே, அது உண்மை. யாரும் கேட்கவில்லை. கிணறுகளைப் பற்றிக் கேள்வி கிளம்பினால் முதலில் அவருடைய போர்வெல்களைத்தான் தோண்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அன்று புரியவில்லை. எனக்கு இருபத்தேழு வயசு. தலையை ஆட்டினேன். மாமா, "க்கா, அவரு குடிக்கலயே க்கா" என்றார். "நீ கம்முனு இரு" என்றேன். சாயங்காலத்துக்குள் எரித்துவிட்டோம். எஞ்சினைத் துடைத்து அதே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆறாவது படிக்கும்போது ஒரு பையன் உன்னைக் குடிகாரன் மகன் என்றான், நீ அவன் மூக்கை உடைத்தாய். வீட்டுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா குடிச்சிட்டா வுழுந்தாரு?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "போய் மூஞ்சி கழுவு" என்றேன். சட்டையில் ரத்தம். அந்தச் சட்டையைத் துவைத்தபோதும் சொல்லியிருக்கலாம். ஐ.டி.ஐ. சேர்ந்தபோது, முதல் சம்பளம் வாங்கியபோது, உன்னோடு வேலை செய்கிறவர்கள் டிரீட் கேட்டு நீ டம்ளரைக் கையால்கூடத் தொடாமல் வந்து பெருமையாகச் சொன்னபோது, எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நீ குடிக்காமல் இருப்பதற்கே அந்தப் பொய்தான் காரணம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைகளுக்கு நியாயத்துக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் ஒன்று. அவர் ஏன் உட்கார்ந்தார் என்பது எனக்கே பல வருஷம் தெரியாது. விளக்கு எரிந்ததே, காற்று இருந்ததே, பிறகு ஏன் என்று கேட்டுக் கேட்டு, மாரடைப்பு என்றும் கண் திருஷ்டி என்றும் மாற்றி மாற்றி நினைத்திருக்கிறேன். நான் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து நாலாவது வருஷம், கம்பெனியில் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போர்டு பார்த்தேன். அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது, வாயு சோதனை செய்யாமல் இறங்கக் கூடாது, மேலே ஒரு ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சேஃப்டியில் இருந்த கோவில்பட்டித் தம்பியிடம், "இன்னா தம்பி, வெளக்கு எரிஞ்சா போதாதா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "அக்கா, வெளக்கு எரிஞ்சா எரியறதுக்குக் காத்து இருக்குன்னுதான் அர்த்தம். எஞ்சின் பொகையில ஒரு விஷம் இருக்கு. அதுக்கு வாசன கெடையாது, நெறம் கெடையாது. வெளக்கு அது பாட்டுக்கு எரியும், மனுசன் உக்காந்துருவான். எந்திரிக்கவே முடியாது. எஞ்சின அணைச்சாலும் அது குழிக்குள்ளயேதான் நிக்கும்" என்றான். உக்காந்துருவான் என்றான், அதே சொல். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கே போய்த் தொலைந்தாய் என்று சூப்பர்வைசர் அன்று திட்டினாள்.

அந்தத் தொட்டி நம் கிணற்றில் பாதி ஆழம்கூட இல்லை. அதில் ஒருத்தன் இறங்க மூன்று கையெழுத்து வேண்டும். விஷ வாயுவை மோப்பம் பிடிக்கிற ஒரு மெஷினை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். இடுப்பில் பெல்ட், மேலே இரண்டு பேர், பக்கத்தில் காற்றாடி. இறங்குகிறவன் கான்ட்ராக்ட் கூலி. அவன் மேல் கம்பெனிக்குப் பாசம் என்று நினைக்காதே. கேஸ் மேல் பயம். அந்தக் காம்பவுண்டு சுவருக்கு உள்ளே நாம் செத்தால் கேள்வி வரும், சுவருக்கு இந்தப் பக்கம் செத்தால் குடிகாரன். இத்தனைக்கும் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஆள் ஒருத்தன்தான். நீயும் அந்த டிரெய்னிங் எடுத்திருக்கிறாய். உன் ஐடி கார்டுக்குப் பின்னால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, நான் பார்த்தேன். கம்பெனித் தொட்டிக்குள் பர்மிட் இல்லாமல் தலையை நீட்ட மாட்டாய். நம் வீட்டுக் கிணறு என்றதும், அது தொட்டி இல்லை, கிணறு, சின்ன வயசிலிருந்து பார்த்தது என்று தோன்றிவிடுகிறது. அதுதான் எனக்குப் பயம். பெட்ரோல் எஞ்சின், டீசலை விடச் சுத்தம் என்று போனில் சொன்னாய். மாமாவை அனுப்பி அந்தத் தம்பியிடமே கேட்கச் சொன்னேன். பெட்ரோல் எஞ்சினில் அந்த விஷம் இன்னும் ஜாஸ்தி என்றான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எஞ்சினை விற்க வேண்டாம். ஐப்பசியில் தண்ணீர் பத்தடிக்கு ஏறும். அப்போது பிளக்கைத் தருகிறேன். கிணற்று விளிம்பிலிருந்து தள்ளி, வெட்டவெளியில், புகைக்குழாய் வீட்டுப் பக்கமும் கிணற்றுப் பக்கமும் திரும்பாமல் வைத்து ஓட்டு. மறுபடி தண்ணீர் இருபதடிக்குக் கீழே போனதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் ராட்டினம்தான். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் பேரிங் வைத்த ஒரு பெரிய ராட்டினம் செய்து கொடு. இரும்புப் பைப்பில் நல்ல தூண் போடு. நைலான் கயிறு வாங்கு, அது தண்ணீர் குடிக்காது. பாதி வலி அதிலேயே போய்விடும். மீதி வலிக்கு நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்து ரூம் எடுத்து மறைமலை நகரில் இருந்தாலும் லீவு நாளில் வருவீர்கள் இல்லையா? ரேவதி இழுக்க, நீ போன் பார்த்துக்கொண்டு நிற்காதே. அவள் இழுக்கும்போது நீ பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதே. யாரையும் எதற்குள்ளும் அவசரப்படுத்தி இறக்காதே. ஒருத்தர் விளிம்பில் தயங்கி நின்றால், என்ன என்று கேள். நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்பாய். வெள்ளைச் சட்டையின் டேங்கர் நம் வாசலில் நிற்க விடமாட்டேன். அந்தத் தண்ணீரில் உன் கல்யாணச் சோறு வேக வேண்டாம். எஞ்சினை இறக்க நாலு பேர் வருவதாகச் சொன்னாய் அல்லவா, அந்த நாலு பேரும் வரட்டும், கயிறு இழுக்கட்டும். பெரிய டிரம் ஆறு மாமா வீட்டில் இருக்கிறது. மூன்று நாள் காலையில் மாற்றி மாற்றி இழுத்தால் நிரம்பிவிடும். ஊற்று நல்ல ஊற்று. உன் அப்பா வெட்டியது.

புரூஃபைப் பிரித்துப் பார். மணமகனின் அம்மா என்று என் பேர் மட்டும் போட்டிருந்தாய். "குடிகாரன் பேரு என் பத்திரிகையில வேணாம்" என்று அன்று நீ சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. இப்போது என் பேருக்கு முன்னால் நீல மையில் தெய்வத்திரு முருகேசன் என்று எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இல்லை, சரிபார்த்துவிட்டேன். அச்சகத்துக்காரர் இடம் போதாது என்றால் என் பேரைச் சின்னதாக்கச் சொல். நான் எழுதியதில் நம்பிக்கை வராவிட்டால் கடிதம் கொண்டுவந்த மாமா எதிரில்தான் நிற்பார், கேள். பதினெட்டு வருஷமாகக் கம்முனு இருக்கிறார். அவரிடம் இனிமேல் பேசலாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. கோபமாக இருப்பாய், தெரியும். நான் வீட்டில்தான் இருப்பேன், கத்த வேண்டியதைக் கத்திவிடு. மேலே நின்று கத்து. எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கிறேன்.

அம்மா